தண்ணீர்க் கோட்டுக்கு மேலே 3-2

அன்புள்ள சென்னையின் எஃப்.சி. 2015 கால்பந்து அணியினருக்கு,

வணக்கம். நான் ஜாபர்கான்பேட்டையில் அடையாற்றங்கரையை ஒட்டிய தெருவில் வளர்ந்தவள். இந்த மடலை வெள்ளம் வந்த அந்த 2015 டிசம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும். வீட்டில் காய்ந்த தாள் ஒன்றுகூட இல்லாத நேரம் அது. அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை என்று வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் டிசம்பர் மழை வலுக்கும்போதெல்லாம் உங்கள் ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

டிசம்பர் 1 ராத்திரி, செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறந்துவிட்டதாகத் தெருவில் கத்திக்கொண்டே ஓடினார்கள். நாங்கள் பாட்டியைத் தூக்கி மாடிப்படியில் உட்கார வைப்பதற்குள் தண்ணீர் முழங்கால் வந்துவிட்டது. விடியும்போது கீழ்வீட்டில் ஃபிரிட்ஜ் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது. எங்களைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்தவர்கள் காசிமேட்டு மீனவ அண்ணன்மார்கள். பாட்டிக்கு மூச்சிரைப்பு அதிகமாக இருந்தது. ஒரு அண்ணன் தன் சட்டையைக் கழற்றிப் பாட்டியின் தலையில் போட்டுவிட்டுத் துடுப்புப் போட்டார். அவர் பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. உங்களுக்கு எழுதும் மடலில் அவருக்கும் சேர்த்தே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அயனாவரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கினோம். தண்ணீர் வடிந்தபின் தினமும் காலையில் போய்ச் சேறு அள்ளுவோம், இருட்டியதும் திரும்புவோம். அப்பா தையல்காரர். இரண்டு மெஷினும் சேற்றுக்குள் கிடந்தன. அவர் அழவில்லை, பேசவும் இல்லை. பாபின் கேஸைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பல்பல்லாகத் தேய்த்துக்கொண்டே இருப்பார். அந்த நாட்களில் சென்னையில் யார் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "உங்க வீட்ல எவ்வளவு தண்ணி?" முழங்கால், இடுப்பு, கழுத்து என்று பதில் வரும். அதோடு பேச்சு நின்றுவிடும்.

நீங்கள் இந்தியன் சூப்பர் லீக்கில் கடைசி இடத்தில் கிடந்து, கடைசி நான்கு ஆட்டங்களையும் ஜெயித்து அரையிறுதிக்கு வந்திருந்தீர்கள். நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டிய ஆட்டம், ஊர் இருந்த நிலையில் புனேவுக்குப் போய்விட்டது. இதைத் தம்பி சொன்னபோது எனக்கு என்னவோ செய்தது. நாங்கள் பெரியம்மா வீட்டில் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம். நீங்களும் உங்கள் சொந்த ஊர் ஆட்டத்தை அடுத்தவர் ஊரில் ஆடப் போகிறீர்கள். புனேக்காரர்களுக்கும் நன்றி.

டிசம்பர் 12, சனிக்கிழமை. முந்தைய வருஷச் சாம்பியன் கொல்கத்தாவை 3-0 என்று அடித்தீர்கள். பெலிசாரி, ஜேஜே, மெண்டோசா ஆளுக்கு ஒரு கோல். அப்பா சாப்பிட்டுவிட்டு அப்போதே படுத்துவிட்டார். மறுநாள் காலை மெஷினைத் தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் தம்பியிடம் கேட்டார்: "நேத்து யாருடா ஜெயிச்சா?"

பத்து நாளில் அவர் கேட்ட முதல் கேள்வி அது. தம்பி ஒவ்வொரு கோலையும் சேற்றுக்குள்ளேயே ஆடிக்காட்டினான். பக்கத்து வீட்டுக்காரர் வெளக்குமாற்றோடு வந்து நின்று கேட்டார். அன்றைக்கு எங்கள் தெருவில் தண்ணீரை விட்டுவிட்டு வேறு எதையோ பேசினோம். நான் உங்களுக்கு நன்றி சொல்வது முக்கியமாக இதற்காகத்தான்.

எங்கள் ஊருக்கு அப்போது கிரிக்கெட் அணியும் இல்லை. சூப்பர் கிங்ஸை ஜூலையில்தான் இரண்டு வருஷம் விலக்கிவைத்திருந்தார்கள். அதே டிசம்பரில் தோனியையும் புனே அணி எடுத்துக்கொண்டது. 'சென்னை' என்று பேர் போட்ட சட்டையோடு களத்தில் நின்றது நீங்கள்தான். கொலம்பியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் மிசோரமிலிருந்தும் வந்தவர்கள், கூடவே எங்கள் வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ், பயிற்சியாளராக இத்தாலியின் மாத்தராசி. வெளியூர் ஆட்கள் என்று ஒரு நாளும் எங்களுக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் 20, ஞாயிறு, கோவா ஃபத்தோர்டா மைதானத்தில் இறுதி ஆட்டம். பெரியம்மா வீட்டு டிவி முன்னால் இருபது பேர் இருந்திருப்போம். இந்த முறை அப்பாவும் உட்கார்ந்தார். 87-வது நிமிடம் கோவா 2-1 என்று முன்னால் போனதும் பெரியப்பா எழுந்து சாப்பிடப் போய்விட்டார். அப்பா மட்டும் "இருக்கட்டும், இன்னும் முடியல" என்றார். 90-வது நிமிடம் பந்து கோவா கோல்கீப்பர் கைபட்டே உள்ளே போனது. சமம். மூச்சு விடுவதற்குள் மெண்டோசா அடித்தார். 3-2! அந்த சீசனில் அவருக்கு அது 13-வது கோல். பெரியப்பா சோற்றுக் கையோடு ஓடிவந்தார். தெருவில் யாரோ தீபாவளிக்கு மிஞ்சிய சரவெடியைக் கொளுத்தினார்கள். அப்பா தம்பியின் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

கோப்பையால் எங்கள் மெஷின் ஓடவில்லை, அது உண்மை. தெருவைச் சுத்தம் செய்தவர்கள் வெளி மாவட்டங்களிலிருந்து வந்த துப்புரவுத் தொழிலாளர்கள். கையுறைகூட இல்லாமல் எங்கள் மெத்தைகளையும் அரிசி மூட்டைகளையும் அள்ளியவர்களை நான் பார்த்தேன். அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். வேலைக்கு நடுவில் ஸ்கோர் கேட்டுவிட்டு, "நம்ம மெட்ராஸ்தானே?" என்று சிரித்த தர்மபுரி அக்கா ஒருவரை இன்னும் மறக்கவில்லை.

ஜனவரியில் ஒரு மெஷின் ஓட ஆரம்பித்தது. இன்னொன்று ஓடவே இல்லை. பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். கூடத்துச் சுவரில் காலண்டர் ஆணிக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்ற கோடு இருந்தது. அதற்குச் சற்று மேலே தம்பி பென்சிலால் '3-2' என்று எழுதி, தேதியும் போட்டு வைத்திருந்தான். வெள்ளையடிக்க வந்தவர் அங்கே பிரஷ்ஷைக் கொண்டுபோனபோது அப்பா, "அந்த இடத்தை மட்டும் விட்டுடுப்பா" என்றார். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. உங்களில் யாராவது சென்னைக்கு வந்தால் வீட்டுக்கு வாருங்கள். காட்டுகிறேன்.

நன்றியுடன்,
ஜாபர்கான்பேட்டைத் தையல்காரர் மகள்