மார்கழிக் குஞ்சும் தரைச் சூடும்

ஒன்டாரியோ, கனடா
கார்த்திகை முதல் வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். அம்மாவும் அண்ணனும் நங்கையும் குழந்தைகளும் நலமென்று நம்புகிறேன். மார்கழி பிறந்ததும் 3,000 குஞ்சுகள் இறங்கப்போவதையும், சென்ற தை மாத பேட்சில் முதல் வாரத்திலேயே குஞ்சுகள் நிறையச் செத்துப்போனதையும், கரி அடுப்பை விட்டுவிட்டு குஞ்சுகளுக்குச் சூடு தரும் கேஸ் புரூடர் வாங்கும்படி, நமக்குக் குஞ்சு தரும் கம்பெனியின் சூப்பர்வைசர் சொல்வதையும் தொலைபேசியில் சொல்லி, என் கருத்தைக் கேட்டீர்கள். கொட்டகைச் சத்தத்தில் நான் சொன்னது பாதி உங்கள் காதில் விழவில்லை. எழுதி அனுப்பினால் தீவன அறைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். அதனால்தான் ஊருக்கு நான் எழுதும் முதல் கடிதமே கோழிக் கடிதமாகிவிட்டது.

நான் வேலை செய்யும் இடம் கறவை மாட்டுப் பண்ணை என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே நம் பல்லடத்தைப் போல நினைத்தவர்கள் எல்லாம் கொட்டகை போட்டுக் கம்பெனியிடம் குஞ்சு வாங்கிவிட முடியாது. கோழி வளர்க்கக் கோட்டா, அதாவது இவ்வளவு வளர்க்கலாம் என்ற அனுமதி, வேண்டும். பதிவு செய்துகொண்டால் ஆண்டுக்கு 300 கறிக்கோழிகள் வரை மட்டும் கோட்டா இல்லாமல் வளர்க்கலாம். எங்கள் முதலாளி வளர்ப்பது அந்த 300தான். நான் ஊரில் ஒரே நேரத்தில் 3,000 வளர்த்தவன் என்று முதல் மாதமே அவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். ஆகவே சென்ற பங்குனியில் வந்த குஞ்சுகளை முழுவதுமாக என் பொறுப்பில் விட்டுவிட்டார்.

அவற்றில் 41 குஞ்சுகள் மூன்று நாளில் செத்துப்போயின. இதை உங்களிடம் இதுவரை சொல்லவில்லை.

நான் அப்படி என்ன தவறு செய்தேன் என்று எனக்கே முதலில் விளங்கவில்லை. வெளியே இரவில் பூச்சியத்துக்குக் கீழே 10 டிகிரி இருந்தது. உள்ளே 250 வாட் சிவப்பு விளக்குகளைத் தொங்கவிட்டு, குஞ்சுகள் விலகிப் போகாமல் தகடு வட்டம் கட்டி, மரச்சீவலைப் பரப்பி, வெப்பமானியில் 34 டிகிரி காட்டிய பிறகுதான் அட்டைப்பெட்டியைத் திறந்தேன். ஆனால் இறக்கிவிட்ட கொஞ்ச நேரத்திலேயே அவை விளக்குக்கு நேர் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து, கொட்டகை அதிரக் கீச்சிட்டன. விளக்கை இறக்கிப் பார்த்தேன், பயனில்லை. மறுநாள் முதலாளியின் மனைவி வந்து, ஒன்றும் பேசாமல் மண்டியிட்டு, மரச்சீவலுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். பிறகு என் கையையும் பிடித்து அதே இடத்தில் வைத்தார். கான்கிரீட் தரை கிணற்றுப் படிக்கல்லைப் போலச் சில்லென்று இருந்தது. குளிர்காலம் முழுவதும் பூட்டிக் கிடந்த கொட்டகையில், குஞ்சு இறங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்புதான் நான் விளக்குப் போட்டிருந்தேன். என் வெப்பமானியோ என் இடுப்பு உயரத்தில், விளக்கு வெளிச்சத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. குஞ்சு நிற்கும் இடத்தின் குளிர் அதற்கு எப்படித் தெரியும்?

நாம் குளிரென்றால் காற்றைத்தான் நினைக்கிறோம். முதல் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாத குஞ்சு, பஞ்சு மயிரைத் தவிர வேறு போர்வை இல்லாமல், வெறுங்காலும் வயிறும் தரையில் பட உட்கார்ந்திருக்கிறது. மேலே எவ்வளவு நெருப்புப் போட்டாலும் அடியில் தரை அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நம் வீட்டு அடைக்கோழி குஞ்சுகளைத் தன் சிறகுக்குள் மூடிக்கொள்வதை மட்டும்தான் நாம் கவனித்திருக்கிறோம். அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் தரையும் அதன் வயிற்றுச் சூட்டில் சூடாகத்தான் இருக்கும். குளிர்ந்த குஞ்சு தீவனத்துக்குப் போகாது, தண்ணீருக்கும் போகாது. வயிற்றில் மிஞ்சியிருக்கும் மஞ்சள் கருவைக்கூடச் சரியாகச் செரிக்காமல், பின்புறத்தில் எச்சம் ஒட்டிக்கொண்டு சோர்ந்து சாகும். தை மாதத்தில் செத்தவற்றின் பின்புறம் அப்படித்தான் அடைத்திருந்ததாக அம்மா சொன்னதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே கேஸா கரியா என்பதை இந்த ஆண்டு ஒத்திவையுங்கள் என்பதே என் கருத்து. நம் ஊரில் மார்கழி விடியலில் 18 டிகிரி வந்தாலே துப்பட்டி தேடுவோம். இங்குள்ள குளிரோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. ஆனால் குஞ்சுக்கு முதல் வாரம் 33 முதல் 35 டிகிரி வேண்டும் என்பதால், அந்த 18 டிகிரியும் அதைக் கொல்லப் போதும். குஞ்சு வண்டி வருவதற்கு முந்தின நாள் காலையிலேயே அடுப்பை மூட்டி, ஓர் இரவு முழுவதும் தரை சூடேறட்டும். தேங்காய் மஞ்சியை மூன்று விரற்கடை உயரத்துக்குக் குறையாமல் போடுங்கள். அதைவிட முக்கியம், அது நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மஞ்சியைப் போடுவது குஞ்சுகளை நனைந்த சாக்கில் படுக்க வைப்பதற்குச் சமம். சென்ற முறை ஐப்பசி மழையில் நனைந்த மஞ்சியை அவசரத்துக்குப் பரப்பியதாக அண்ணன் சொன்னார். குஞ்சுகள் செத்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

தண்ணீரும் அப்படியே. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும்போது வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர், இரவெல்லாம் மேல்தொட்டியில் கிடந்தால் விடியலில் குளிர்ந்துவிடும். குஞ்சு வருவதற்குச் சில மணி நேரம் முன்பே குடிப்பான்களை நிரப்பி வட்டத்துக்குள் வைத்துவிட்டால், அதுவே சூடேறிக்கொள்ளும். நங்கை வழக்கமாகப் போடும் வெல்லத் தண்ணீரை நிறுத்த வேண்டாம்.

அடுத்தது கொட்டகையின் பக்கவாட்டில் கட்டும் படுதா. இதைச் சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள், ஆனாலும் சொல்லியாக வேண்டும். வாடைக்குப் பயந்து நீங்கள் இரு பக்கப் படுதாவையும் உச்சி வரை இழுத்துக் கட்டிவிடுகிறீர்கள். உள்ளே கரி எரிகிறது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; குஞ்சுகள் தூங்குவது போலவே தலையைத் தொங்கவிட்டு உட்காரும். கேஸ் புரூடரும் அதே காற்றைத்தான் எரிக்கும் என்பதால், அடைத்த கொட்டகையில் அதை வாங்கி வைப்பதால் மட்டும் பிரச்சினை தீராது. மின்விளக்கில் இந்தத் தொல்லை இல்லைதான். ஆனால் குஞ்சுக்கு 2 வாட் என்று வைத்தாலும் 3,000 குஞ்சுக்கு 6,000 வாட் ஆகிறது, நள்ளிரவில் மின்சாரம் நின்றால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். கரியே இருக்கட்டும், படுதாவின் மேற்பக்கத்தில் ஒரு சாண் அளவு மட்டும் எப்போதும் திறந்திருக்கட்டும். கெட்ட காற்று அதன் வழியே வெளியேறும். கீழே மட்டும் ஓட்டையில்லாமல் கட்டுங்கள். குஞ்சு உயரத்தில் அடிக்கும் காற்றுதான் அதற்கு எதிரி. குஞ்சுகள் எல்லாம் வட்டத்தின் ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றால், எதிர்ப்பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

வெப்பமானியைக் குஞ்சின் முதுகு உயரத்தில், அடுப்புக்கு நேர் எதிரே இல்லாமல் கட்டுங்கள். அதைவிட நம்பகமான ஒன்றை முதலாளியின் மனைவியிடம் கற்றேன்: குஞ்சைக் கையில் எடுத்து, அதன் கால்களை நம் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்றிருந்தால் தரைச் சூடு போதவில்லை. இறக்கிய மறுநாள் காலை நூறு குஞ்சுகளின் கழுத்தடி இரைப்பையைத் தடவிப் பார்த்தால், குறைந்தது தொண்ணூற்றைந்தில் அது நிரம்பி மெத்தென்று இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மேல் ஒரு முறை போய்க் காது கொடுத்துக் கேளுங்கள். சீராகப் பரவிப் படுத்து மெல்ல முனகிக்கொண்டிருந்தால் திரும்பி வந்து தூங்கலாம்; இறக்கையை விரித்து வாயைத் திறந்து ஓரத்துக்குப் போயிருந்தால் கரியைக் குறையுங்கள். முதல் வாரம் கடந்ததும் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். நம் ஊர்ப் பகல் வெயிலுக்கு மூன்றாம் வாரம் இரவு மட்டும் அடுப்பு இருந்தால் போதுமென்று நினைக்கிறேன்.

இந்தப் புரட்டாசியில் அடுத்த பேட்ச் குஞ்சுகள் வந்தபோது இரண்டு நாள் முன்பே விளக்குப் போட்டேன். முதல் வாரத்தில் செத்தது நான்கு. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மனைவி மட்டும் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

காதில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். குழந்தைகளுக்கென்று விற்பது; ஆனால் குஞ்சின் பின்புறத்தில் லேசாக வைத்தால் 40 முதல் 40.6 டிகிரி வரை காட்ட வேண்டும். மார்கழிக்குள் யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்தனுப்புகிறேன், நங்கையிடம் கொடுங்கள். ஏழாம் நாள் காலையில் எண்ணிக்கை எடுத்ததும், எத்தனை மிச்சம் என்று கூட்டாமல் குறைக்காமல் எனக்குச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மகன்