உப்புக் குவியல் அப்படி நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி போன வாரம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எத்தனையோ வருஷமாகப் பிள்ளைகள் போட்டுவரும் கணக்குதான். கன்வேயர் பெல்ட்டிலிருந்து நிமிடத்துக்கு 30 கன மீட்டர் உப்பு கொட்டுகிறது, கூம்பாகக் குவிகிறது. குவியலின் உயரமும் அடிவட்டத்தின் விட்டமும் எப்போதும் சமம். உயரம் 10 மீட்டராக இருக்கும்போது அது என்ன வேகத்தில் உயரும்?

சரியாகவே போட்டிருந்தாள். சில பிள்ளைகள் முதலிலேயே உயரத்துக்கு 10-ஐப் போட்டுவிட்டு அப்புறம் வகையிடுவார்கள், அதாவது மாறுகிற வேகத்தைக் கணக்கிடுவார்கள். வளர்கிற உயரத்தைப் பிடித்துக் கட்டிவைத்துவிட்டு வேகம் கேட்டால் பூஜ்யம்தானே வரும்? இவள் அந்தக் குழியில் விழவில்லை. விடை, 6 வகுத்தல் 5 பை.

"அப்படின்னா எவ்வளவு மக்களே?" என்றேன்.

"அம்மாச்சி, அதுதான் விடை" என்றாள்.

நிமிடத்துக்கு ஏறக்குறைய 38 சென்டிமீட்டர், அதாவது முழத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இதே கணக்கைக் கரும்பலகையில் போட்டவள் நான். ஒரு தடவைகூட அந்தக் கேள்வியை நானும் கேட்டதில்லை.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு புத்தளம் உப்பளத்துக்குப் போனேன். தக்கலையிலிருந்து நாகர்கோவில் போய் அடுத்த பஸ். உப்பு நம் மாவட்டத்திலேயே விளைகிறது, கணக்குப் போடுகிற பிள்ளையோ அளத்தை அதுவரை பார்த்ததில்லை. கூடையால் தரையில் கொட்டியிருந்த ஒரு குவியலைத் தையல் டேப்பால் அளந்தோம். உயரம் 2 அடி, அடிவட்டத்தின் அகலம் 6 அடி. சரிவு கிட்டத்தட்ட 34 பாகை. கணக்கில் வருகிற குவியலின் சரிவோ 63 பாகைக்கு மேல். அதைத் தாளில் வரைந்து அங்கே வேலை செய்துகொண்டிருந்த அம்மாவிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, "இப்பிடி நிக்காது டீச்சர், சரிஞ்சி வந்துரும்லா" என்றார்.

அகலம் உயரத்தைப் போல மூன்று மடங்கு என்று வைத்து அங்கேயே வரப்பில் உட்கார்ந்து மறுபடி போட்டோம். அதே 30 கன மீட்டர், அதே 10 மீட்டர் உயரம். நிமிடத்துக்கு 4 சென்டிமீட்டர் சொச்சம்தான் உயருகிறது, முந்தைய விடையில் சரியாக ஒன்பதில் ஒரு பங்கு. அகலம் மூன்று மடங்கானால் அடிவட்டப் பரப்பு ஒன்பது மடங்காகும், அதே உப்பு அத்தனை இடத்திலும் பரவ வேண்டும் என்று அவளே சொன்னாள். சூத்திரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, குவியலைப் பார்த்துச் சொன்னாள்.

இன்னொன்று. அமெரிக்கப் பாடநூல்களில் இதே கணக்கு சரளைக் கணக்காக வரும். அங்கே நிமிடத்துக்கு 30 கன அடி, உயரம் 10 அடி. இங்கே சரளை உப்பாகிவிட்டது, அடி மீட்டராகிவிட்டது, எண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. 30 கன அடி என்பது ஒரு கன மீட்டர்கூட இல்லை. 30 கன மீட்டர் உப்போ 30 டன்னுக்கு மேல் இருக்கும். நிமிடத்துக்கு மூன்று லாரி உப்பைக் கொட்டுகிற பெல்ட்டை எந்த அளத்தில் போய்ப் பார்ப்பது?

பரப்பிலும் இதே கூத்துதான். எக்ஸ் வர்க்கத்தில் 4-ஐக் கழித்தால் வருகிற வளைவரைக்கும் எக்ஸ் அச்சுக்கும் இடையிலுள்ள பரப்பைக் கேட்டால், மைனஸ் 32/3 சதுர அலகு என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. மைனஸ் 10 சென்ட் நிலத்தை யாராவது பத்திரம் பதிவார்களா?

ஒரு வளைவரையை அச்சைச் சுற்றிச் சுழற்றினால் கிடைக்கும் உருவம், அதாவது சுழற்சித் திண்மம், அதன் கன அளவுக்கு நம் ஊரில் கருப்பட்டியை விட்டால் வேறு என்ன வேண்டும்? என் அப்பா பனையேறி. அம்மா அக்கானி (பதநீர்) காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது ஒரு கருப்பட்டியைக் கொண்டுபோய்த் துண்டு துண்டாக அரிவேன். ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய ஒரு தட்டு. துண்டு மெலிய மெலிய அந்த ‘ஏறக்குறைய’ கரைந்துபோகும். எல்லை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. பிறகு சிரட்டையை அளப்போம். வாய் அகலம் 9 சென்டிமீட்டர், ஆழம் மூன்றரை. கோளத்தின் ஒரு பகுதி என்று வைத்துத் தொகையிட்டால் (மெல்லிய துண்டுகளையெல்லாம் கூட்டினால்) சுமார் 134 மில்லி வரும். தண்ணீர் ஊற்றி அளந்தால் ஐந்து பத்து கூடும் குறையும், சிரட்டை காம்பஸ் வைத்து வரைந்ததில்லையே. ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள், பாடம் அங்கேதான் நடக்கும். கோளத்தை இப்படித் துண்டு போட்டுக் கன அளவு காணும் வழி, 1530 வாக்கில் கேரளத்துக் கணித அறிஞர் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷை என்ற நூலில் இருக்கிறது. நியூட்டன் பிறப்பதற்கு நூறு வருஷம் முந்தி. முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கேள்வித்தாள் தயாரிப்பவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இந்த மாதிரி ஐந்து மதிப்பெண் கணக்குகளில் ஒரு மதிப்பெண்ணை, விடை எவ்வளவு என்று அலகோடு எழுதி, அது நடக்கக்கூடியதுதானா என்று ஒரு வரி சொல்வதற்கு ஒதுக்குங்கள். அந்த உப்புக் குவியலையும் தயவுசெய்து கொஞ்சம் படுக்க வையுங்கள்.

பேத்திக்குப் பொதுத்தேர்வு வருகிறது. அந்தக் கணக்கு வந்தால் 6 வகுத்தல் 5 பை என்றே எழுதிவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு மதிப்பெண் அதற்குத்தானே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.