முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம் எஸ்டிமேட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சொகுசு கார் வாங்குவோருக்கு யோசனை சொல்லி உங்கள் நாளிதழில் போன வாரம் ஒரு கட்டுரை வந்திருந்தது. வண்டியைக் காற்றுப் பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உட்கார்ந்துவிட்டால் யோசிக்காமல் கழற்றிப் போட்டுவிட்டு சுருள் ஸ்பிரிங் மாட்டிக்கொள்ளுங்கள் என்று அதில் ஒரு வரி. அந்த ‘யோசிக்காமல்’தான் என்னை எழுத வைத்தது.

என் வீட்டுக்காரர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. கல்ஃபிலிருந்து திரும்பிய புனலூர்க்காரர் ஒருவரிடம் அவர் ஆசைப்பட்டு வாங்கிய 2003 மாடல் பென்ஸ் எஸ் கிளாஸ் எங்கள் வீட்டு முகப்பில் நிற்கிறது. நான்கு சக்கரத்திலும் கம்பிச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் காற்றடைத்த ரப்பர் பை. மகள் புனலூரில் இருப்பதால் மாதம் இரண்டு முறை புளியரை வளைவுகளில் ஏறி ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போய்வருவேன். ஓட்டுவது நான்தான். போன ஆடியில், சாரல் விடாமல் அடித்த ஒரு காலையில் வெளியே வந்து பார்த்தால், இடது முன்பக்கம் டயரோடு டயராக இறங்கிக் கிடக்கிறது. யானை ஒரு காலை மட்டும் மடக்கி உட்கார்ந்த மாதிரி.

அதுவரை கேரளத்துப் பக்கம் இருந்த எங்கள் செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எங்களுக்கு ஒன்று என்றால் இன்னும் பாதி மனசு மலைக்கு அந்தப் பக்கம்தான் ஓடும். நானும் கேரளத்தில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். போட்டோ அனுப்பச் சொன்னார்கள். அரை மணியில் எஸ்டிமேட் வந்துவிட்டது: நான்கு மூலைக்கும் புது ஸ்ட்ரட் (காற்றுப் பையும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), காற்றடைக்கும் கம்ப்ரஸர், காற்றை ஒவ்வொரு பைக்கும் பிரித்துவிடும் வால்வு பிளாக். நான்கு லட்சத்துக்கு மேல். அவ்வளவு முடியாது என்றால் ஸ்பிரிங் போட்டுக்கொள்ளலாமாம். ஒரு மூலை இறங்கியதற்கு நான்கையும் ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். “பழைய வண்டியல்லே, மேடம்” என்றார். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவளுக்கு இது பதிலாகத் தெரியவில்லை.

தையல் டேப்பை எடுத்தேன். எஞ்சினைப் போட்டால் வண்டி மெதுவாக எழுந்துகொண்டது. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் இரவு 9 மணிக்கு அளந்தேன், காலை 6 மணிக்கு மறுபடியும் அளந்தேன். ஐந்து நாள் கணக்கு நோட்டில் இருக்கிறது. இடது முன்பக்கம் தினமும் மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் இறங்கியது. மற்ற மூன்றும் கால் அங்குலம்தான். அந்தக் கால் அங்குலம் கசிவே அல்ல, சார்லஸ் விதி. பையின் மேலிருக்கும் பாரம் மாறவில்லை. விடியற்காலையில் காற்று ஆறு டிகிரி குளிர்ந்தால் கொள்ளளவு ஏறக்குறைய 2 சதவீதம் சுருங்கும், அவ்வளவுதான். ஆக, மூன்று பைகள் நல்ல பைகள். அதில் மட்டும் எத்தனை லட்சம் மிச்சம் என்று பாருங்கள்.

அப்புறம் சோப்புத் தண்ணீர். பஞ்சர் கடைத் தம்பி வந்து தெளித்தான். ஒரு குமிழி இல்லை. வண்டி இறங்கிக் கிடக்கும்போதே தெளித்துவிட்டான். காற்றே இல்லாத பையில் குமிழி எங்கிருந்து வரும்? முழுசாக எழுப்பிவிட்டு மறுபடி தெளித்தோம். மட்கார்டுக்குள் தலையை விடப் போனவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். காற்றை மட்டும் நம்பி நிற்கிற வண்டி எந்த நொடியிலும் இறங்கும். ஜாக்கி வைத்து, பாடிக்கு அடியில் ஸ்டாண்டு கொடுக்காமல் யாரும் கை வைக்கக் கூடாது.

மேலே குழாய் சேருகிற இடத்தில் லேசாக நுரை வந்தது. அங்கே கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கை மாற்றினோம். மறுநாள் காலை டேப் அதே மூன்று அங்குலத்தைத்தான் காட்டியது. பிறகு தென்காசியில் டூரிஸ்ட் பஸ்களுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர் வந்தார். பஸ்ஸின் காற்றுப் பையை, அவர்கள் சொல்லும் ‘பலூனை’, பார்த்துப் பழகிய கை. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடிக்கச் சொல்லி, ரப்பர் தன்மேல் தானே மடிகிற வளையத்தில் தெளித்தார். முடி போன்ற வெடிப்பு, அதிலிருந்து பொங்கிப் பொங்கி நுரை. “பலூன் போயிருச்சு டீச்சர். இதை ஒட்ட முடியாது, மாத்தத்தான் வேணும்.”

நான் இன்னொன்றும் சொன்னேன். வண்டியைப் பூட்டிய பிறகும் முன்பக்கம் ஒரு இரைச்சல், அடுத்த நாள் பேட்டரி இறங்கிவிடும். அவர் நேராக, கம்ப்ரஸருக்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் சுவிட்சான ரிலேயைக் கழற்றினார். உள்ளே முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடியிருக்கிறது, அதில் ரிலே ஒட்டியிருக்கிறது, ரிலே ஒட்டியதால் கம்ப்ரஸர் நிற்கவே இல்லை. இது தெரியாமல் புது கம்ப்ரஸர் மட்டும் மாட்டியிருந்தால் அதுவும் எரிந்திருக்கும்.

செய்தது இவ்வளவுதான்: ஒரு ஸ்ட்ரட், ஒரு ரிலே, கம்ப்ரஸருக்கு பிஸ்டன் ரிங். கூடவே, உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையருக்குப் புது மணிகள். எங்கள் ஊர்ச் சாரலுக்கு அது அவசியம். புதுப் பையில் காற்று ஏறும் வரை வண்டியின் பாரத்தை அதன்மேல் இறக்கவே இல்லை. வெறும் பையில் பாரம் விழுந்தால் மடிப்பு கோணி முதல் நாளே கிழியும் என்றார் மெக்கானிக். மொத்தச் செலவு முதல் எஸ்டிமேட்டில் நான்கில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

சுருள் ஸ்பிரிங் போடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. அலைய நேரமில்லாதவர்கள் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் எதையும் மாற்றுவதற்கு முன் என்ன சோதனை செய்தீர்கள் என்று கேளுங்கள் என ஒரு வரியைக் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம். எஸ்டிமேட் தாளிலேயே அதற்கு ஒரு கட்டம் இருந்தால் இன்னும் நல்லது.

வலது முன்பக்கப் பைக்கும் இடதின் வயதுதான். அதன் மடிப்பில் மெல்லிய கோடுகள் தெரிய ஆரம்பித்துவிட்டன. ஞாயிறுதோறும் அளக்கிறேன். இன்னும் கால் அங்குலத்தில்தான் நிற்கிறது. அதற்கும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
செங்கோட்டை.