பேப் பீக்கு எந்த எண்ணெய்?

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தை பிறந்ததும் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே வந்துவிடுகிறோம்.

அந்தக் காக்ஸ் பேப் பீ, நம்முடைய குட்டி மாடல் விமான எஞ்சின், இன்னும் உன்னிடம் இருக்கிறதா! கல்லூரி மைதானத்தில் விமானத்தை இழுத்துப் பிடிக்கும் கன்ட்ரோல் லைன் கம்பியைக் கையில் பிடித்துத் தலை சுற்றச் சுற்றப் பறக்கவிட்டோமே, அதேதானே? புரொப்பெல்லர் அசையவில்லை என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து பலம் போட்டுத் திருப்பாதே. அன்று ஓட்டியதில் மிஞ்சிய விளக்கெண்ணெய்தான் உள்ளே அரக்கு மாதிரி இறுகியிருக்கும். ஹேர் டிரையரால் சூடுகாட்டி, எக்ஸாஸ்ட் வழியாக நாலு சொட்டு மெத்தனால் விட்டு ஒரு ராத்திரி வை. தானாக இளகும்.

சரி, எந்த எண்ணெய் போடுவது என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். 0.8 சிசி எஞ்சின், தனியாக ஆயில் தொட்டி கிடையாது. எரிபொருளோடு கலந்து போகிற எண்ணெய்தான் எல்லாவற்றுக்கும். கார் எஞ்சின் ஆயில் இந்த எரிபொருளில் இருக்கிற மெத்தனாலில் கரையாது, அதை மறந்துவிடு. மிச்சம் சிந்தெடிக் எண்ணெயும் காஸ்டரும், அதாவது விளக்கெண்ணெயும்தான். சிந்தெடிக் சுத்தமாக எரியும், கறை பிடிக்காது. ஆனால் எரிபொருள் அளவைத் திருத்தும் ஊசியைக் கொஞ்சம் அதிகமாக மூடிக் கலவை மெலிந்து சூடு ஏறினால் முதலில் கைவிடுவது அதுதான். காஸ்டர் அந்தச் சூட்டிலும் உலோகத்தை விடாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். இதில் பிஸ்டனும் சிலிண்டரும் இரண்டுமே ஸ்டீல். கனெக்டிங் ராடின் தலை ஒரு குண்டாகப் பிஸ்டனுக்குள் ஒரு சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது. என்னுடைய இன்னொரு எஞ்சினில் வெறும் சிந்தெடிக் போட்டு ஓட்டினேன். சில நாளிலேயே டக்டக்கென்று சத்தம். கழற்றிப் பார்த்தால் குண்டு கறுத்துப்போய், சாக்கெட்டில் தொளதொளவென்று ஆடியது. மனசே கேட்கவில்லை.

அதனால் எரிபொருளில் மொத்த எண்ணெய் 20 சதவீதம், அதில் பாதியாவது காஸ்டர். பிரித்துப் பூட்டியபின் முதல் சில டேங்க்குக்கு முழுக்கக் காஸ்டரே போடு. வீட்டு விளக்கெண்ணெயை மட்டும் ஊற்றிவிடாதே. விதையை வேகவைத்து எடுத்ததில் ஈரமும் மண்டியும் இருக்கும், ஊசி வால்வு அடைத்துக்கொள்ளும். பசை நீக்கி வடிகட்டிய முதல் பிழிவாக வாங்கு. பூட்டும்போது சாக்கெட்டில் ஒரு சொட்டு, பிஸ்டனைச் சுற்றி விரலால் ஒரு தடவல். பின்பக்க ரீடில், அதாவது எரிபொருளை உள்ளே விடும் மெல்லிய தகட்டு வால்வில், எதுவும் தடவ வேண்டாம், ஒட்டிக்கொண்டால் ஸ்டார்ட் ஆகாது.

முதல் உலகப் போர் விமானங்களின் ரோட்டரி எஞ்சின்கள்கூட இந்த எண்ணெயில்தான் ஓடின. காஸ்ட்ரால் என்ற பெயர் வந்ததும் இதிலிருந்துதான். அந்தப் புகை வாசனையை நினைத்தால் இப்போதும் எனக்கு மைதானம் கண்ணில் நிற்கிறது.

அப்புறம், ஓட்டி முடித்ததும் எரிபொருள் முழுக்கத் தீர்கிற வரை விடு. பிறகு தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டுப் பத்துத் தடவை சுற்று. அன்று நாம் இதைச் செய்யாததால்தான் இப்போது இறுகிக் கிடக்கிறது.

என்னிடம் புது குளோ ஹெட் (எரிபொருளைப் பற்றவைக்கும் கம்பிச்சுருள் உள்ள தலைப்பகுதி) ஒன்று இருக்கிறது. தைக்கு வரும்போது எடுத்து வருகிறேன். அதுவரை சிலிண்டரை மட்டும் கழற்றி வை, மிச்சத்தைச் சேர்ந்தே பூட்டலாம்.

அன்புடன்,
உன் மாப்ளே