அடிக்குறிப்பைத் தேடிப் படியுங்கள்: பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கோபி, அந்தியூர், பவானி வட்டாரத்துப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்ங்க.

தட்டம்மை ஊசி போட்டால் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் வரும், மருந்துக் கம்பெனிகளும் அரசுகளும் கூட்டுச் சேர்ந்து அதை மறைக்கின்றன என்று சொல்லும் கையேடு ஒன்று நம் பக்கம் கைமாறிக்கொண்டிருக்கிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசி முகாம் தொடங்கியபோதும் வாட்ஸ்அப்பில் புரளி கிளம்பி, பெற்றோர் பலர் ஊசியே வேண்டாம் என்றார்கள். அது யாரோ சொன்னார்கள் என்ற அளவில் போன பேச்சு. இந்தக் கையேட்டிலோ பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு இருக்கிறது. "இத்தனை ஆதாரம் கொடுத்திருக்காங்களே" என்று படித்தவர்களே தயங்குகிறார்கள்.

ஈரோடு மஞ்சள் ஏலத்தில் மூட்டையை எண்ணிப் பார்த்து யாரும் விலை கேட்பதில்லை, விரலியை ஒடித்துப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். அதுபோல, அந்த அடிக்குறிப்புகள் காட்டும் மூலங்களை எடுத்து நான் படித்துப் பார்த்தேன்.

கையேடு பெரிதாகக் காட்டுவது, 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் உடனிருந்தவர்களும் எழுதிய கட்டுரையை. தடுப்பூசியால் ஆட்டிசம் வருவதை நிரூபித்த ஆய்வு என்று அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். அதில் பேசப்படுவது வெறும் 12 குழந்தைகளைப் பற்றி. ஊசிக்கும் அந்தக் குழந்தைகளின் நிலைக்கும் தொடர்பு இருப்பதாகத் தாங்கள் நிரூபிக்கவில்லை என்று கட்டுரையே வெளிப்படையாகச் சொல்கிறது. எழுதிய 13 பேரில் 10 பேர் 2004இல், ஊசியோடு தொடர்பு இருக்கலாம் என்று அதில் வைத்த விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். 2010இல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு வேக்ஃபீல்டின் பெயரை பிரிட்டன் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். இன்று அந்தக் கட்டுரையை இறக்கிப் பார்த்தால், திரும்பப் பெறப்பட்டது என்ற சொல் பக்கத்தின் குறுக்கே சிவப்பில் பெரிதாக நிற்கிறது. கையேட்டில் உள்ள படத்தில் அந்தச் சொல் இல்லை. பழைய பிரதியைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது ட்ரைபீடியா என்ற ஊசியின் மருந்துக் குறிப்பு. ஆட்டிசம் என்ற சொல்லை வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். சொல் உண்மையிலேயே அங்கே இருக்கிறது. ஆனால் அது ஊசிக்குப் பிறகு நடந்ததாக மற்றவர்கள் தாமாகத் தெரிவித்தவற்றின் பட்டியல். இவற்றுக்கு ஊசிதான் காரணம் என்று எப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது என்ற எச்சரிக்கையும் அங்கேயே அச்சாகியிருக்கிறது. அது வட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அப்புறம், ட்ரைபீடியா தட்டம்மை ஊசியே கிடையாது. தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான் இருமலுக்கானது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வரும், சில பிள்ளைகளுக்கு அந்தக் காய்ச்சலில் வலிப்பு வரலாம் என்று கையேடு சொல்வது சரி. பெற்றோருக்கு அதை நாமே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து, ஊசி போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடவில்லை என்று 2019இல் வெளியான ஆய்வைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

தட்டம்மை நிமோனியாவில் கொண்டுபோய் விடும். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் பிள்ளை காது கேளாமலோ, கண்புரையோடோ, இதயக் கோளாறோடோ பிறக்கக்கூடும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறேன்.

யார் ஆதாரம் என்று எதைக் கொண்டுவந்தாலும், அரசுத் துண்டறிக்கையாக இருந்தாலும் சரி, வெட்டிய படத்தை வாங்காதீர்கள், முழுப் பக்கத்தைக் கேளுங்கள். காட்டிய வரிக்கு முன்னும் பின்னும் உள்ள பத்திகளை நம் பள்ளி ஆங்கில ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் படித்துத் தமிழில் சொல்லட்டும். பயந்துபோய்க் கேள்வி கேட்கும் தாயை மட்டும் யாரும் கேலி செய்துவிட வேண்டாம்ங்க, அவர் கேட்பது தன் பிள்ளைக்காக.

அடுத்த கூட்டத்தில் இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். கையேட்டைக் கொடுப்பவர்களையும் அழையுங்கள். மூலங்களின் பிரதிகளை நான் எடுத்து வருகிறேன். எல்லோர் முன்னாலும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் படித்துவிடலாம்.

இப்படிக்கு,
கோபி வட்டாரத்துப் பெற்றோர் ஒருவர்