மார்க்கர் பையனை ஏன் வெளியே நிறுத்துகிறீர்கள்?

மதுரையில் அமெச்சூர் பூல் போட்டி (டேபிளில் குச்சியால் பந்தை அடித்துப் பாக்கெட்டில் போடும் ஆட்டம்) நடத்தும் அண்ணன்களுக்கு, வணக்கம்.

கைக்காசு போட்டுத்தான் நடத்துகிறீர்கள், தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், யாரை அமெச்சூர், அதாவது காசுக்காக ஆடாதவர், என்கிறீர்கள்? போன போட்டிக்குப் பெயர் கொடுக்க வந்த ஒரு மார்க்கர் தம்பியை, அதாவது பூல் பார்லரில் பந்து அடுக்கி ஸ்கோர் எழுதும் வேலையில் இருப்பவரை, "நீ டேபிள்லயே சம்பளம் வாங்குறவன், சேர்க்க முடியாது" என்று திருப்பி அனுப்பினீர்கள். அதே போட்டியில் மாநில அளவில் ஸ்நூக்கர் ஆடுகிற ஒருவர், பூலுக்குப் புதுசு என்று சொல்லி உள்ளே வந்து கோப்பையோடு போனார். அவரைக் குறை சொல்லவில்லை, நீங்கள் விட்டீர்கள், அவர் ஆடினார். ஆனால் 12 அடி ஸ்நூக்கர் டேபிளில் சின்னப் பந்தை இறுக்கமான பாக்கெட்டில் போட்டுப் பழகிய கைக்கு 9 அடி பூல் டேபிள் என்ன பெரிய கஷ்டம்?

மார்க்கருக்குச் சம்பளம் பந்து அடுக்க, துணியைப் பிரஷ் போட, ஸ்கோர் எழுத, மணிக்கணக்கு பார்க்க. ஆடுவதற்கு யாரும் அவருக்குப் பைசா தருவதில்லை. 1958இல் கல்கத்தாவில் உலகப் பட்டம் வென்ற வில்சன் ஜோன்ஸே அமெச்சூர் பில்லியர்ட்ஸ்காரர்தான், அப்படியிருக்க அந்த ஒரு சொல்லை வைத்து ஆட்டத் திறனை எப்படிப் பிரிப்பீர்கள்? பெயர் கொடுக்கும்போதே இதுவரை எங்கெங்கே ஆடினார், என்ன ஜெயித்தார் என்று கேளுங்கள், ஸ்நூக்கரையும் சேர்த்து. பெரிய கை என்றால் ஓப்பன் பிரிவு, யார் வேண்டுமானாலும் ஆடுகிற பிரிவு. பிரிவு வைக்க ஆள் போதாதென்றால் ஹேண்டிகேப் கொடுங்கள், அவர் 4 கேம் எடுக்கணும், புதுப் பையனுக்கு 2 போதும்.

அப்புறம் பிரேக், அதாவது அடுக்கிய பந்துகளைக் கலைக்கிற முதல் அடி. இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நம்ம பார்லர்களில் பிரேக்கிலேயே, கடைசியாகப் போடவேண்டிய 8ஆம் எண் பந்து விழுந்தால் கேம் முடிந்தது, அடித்தவன் ஜெயித்தான். உலக விதியில் அப்படி இல்லை. 8ஐ எடுத்து ஸ்பாட்டில் (பந்து அடுக்கும் இடத்துப் புள்ளியில்) வைத்துவிட்டுத் தொடரலாம், இல்லை மறுபடி அடுக்கச் சொல்லி பிரேக் அடிக்கலாம், அவ்வளவுதான். எது உங்கள் விதி என்பதைப் பொறுத்து ஆட்டமே மாறிவிடும். பார்லர் விதி என்றால் நான் குச்சியால் அடிக்கிற வெள்ளைப் பந்தைப் பக்கக் குஷன் (டேபிள் விளிம்பு ரப்பர்) ஓரமாக வைத்து, முதல் பந்தை விட்டுவிட்டு இரண்டாம் வரிசைப் பந்தில் முழுசாக, கொஞ்சம் கீழே பிடித்து அடிப்பேன், ஏனென்றால் அந்த அடியில்தான் நடுவில் இருக்கிற 8 நகர்ந்து சைடு பாக்கெட் பக்கம் போகும். சரியாகப் படவில்லை என்றால் வெள்ளை நேரே மூலைப் பாக்கெட்டுக்குள் இறங்கிவிடும், அது தனிக் கதை. உலக விதி என்றால் அந்த வம்பே வேண்டாம், முதல் பந்தை நேராக அடித்து வெள்ளையை டேபிள் நடுவில் நிறுத்துவேன். இதை முதல் கேம் தொடங்கும்போது வாய்மொழியாகச் சொன்னால் எப்படி? எதுவும் விழாவிட்டால் குறைந்தது 4 பந்தாவது குஷனைத் தொடவேண்டும் என்ற விதி உண்டா இல்லையா என்று போன தடவை நடுவருக்கே தெரியவில்லை.

அடுக்குவதையும் ஆடுகிறவர்களிடம் விடாதீர்கள். பழைய டேபிளில் ஸ்பாட் இருக்கும் இடம் குழிந்திருக்கும், முதல் பந்துக்கும் அடுத்த இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தாலும் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கூட்டம் கலையாது. பின்னாலிருந்து விரலால் நெருக்கிப் பிடித்து, முக்கோணத்தை அசையாமல் தூக்கத் தெரிந்தவர்கள் மார்க்கர்கள்தான். காசு கொடுத்து ஒருவரை அதற்கே போடுங்கள், ஆடப் பெயர் கொடுக்காத ஒருவராகப் பார்த்து.

விதி, பிரிவு, பிரேக் யாருக்கு, ஜெயித்தவருக்கா மாற்றி மாற்றியா, எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, கட்டணம் வாங்குவதற்கு முன்னால் வெளியிடுங்கள். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பஸ் ஏறி வருகிற பசங்கள் அதைப் படித்துவிட்டு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளட்டும்.