ஏழாம் பக்கத்து வைத்தியச்சி

அன்புள்ள கயலுக்கு,

உன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கு, அதாவது நீ கதையை நடத்த, நண்பர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை போட்டு ஆடுகிற ஆட்டத்துக்கு, நீ எழுதி அனுப்பிய 11 பக்கத்தையும் இரண்டு தடவை படித்துவிட்டேன். நிழல் பேரரசன் ஜாகோரத்துக்கு 3,000 வருஷ வரலாறு, நான்கு போர், இரண்டு துரோகம், ஒரு உடைந்த கிரீடம் எல்லாம் இருக்கிறது. முதல் சனிக்கிழமை உன் ஆட்டக்காரர்கள் வந்து உட்காரும்போது அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று தேடிப் பார்த்தேன். சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். பத்தாவது செஷனிலும், அதாவது பத்தாவது நாள் ஆட்டத்திலும், அங்கேயேதான் இருக்கிறான். இவர்கள் லெவல் ஏறி வந்து கதவைத் தட்டும்வரை அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. இப்படிப்பட்டவனுக்கு மூன்றாவது வாரமே பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். "எங்கள் கூட்டம் எதையும் சீரியஸாக எடுத்துக்கொள்வதில்லை" என்று நீ எழுதியிருப்பது நியாயமில்லை.

உன் வில்லன் 7-ம் பக்கத்தில் இருக்கிறாள். துறைமுகத்தில் கொள்ளைநோய் வந்தபோது நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொண்ட வைத்தியச்சி மோரன்னா. அவளுக்கு நீ ஒதுக்கியது இரண்டே வரி: யாரையும் கைவிடாதவள், பிறகு ஜாகோரத்தோடு சேர்ந்துகொண்டாள். ஜாகோரத்தைத் தூக்கிவிட்டு அவளை வை.

'வயசாகாதவர்கள் சாகக் கூடாது.' அவள் ஆசை இவ்வளவுதான், எந்த வீட்டில் சொன்னாலும் தலையாட்டுவார்கள். வில்லனின் ஆசையில் பாதி மேஜையாவது உடன்பட வேண்டும். உலகத்தை இருட்டில் மூழ்கடிக்க ஆசைப்படுகிறவனோடு யாரும் வாதாட மாட்டார்கள், அடித்துவிட்டுப் போவார்கள். கோளாறு அவள் வழியில் இருக்கட்டும். ஒருவருடைய ஆயுளை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். முதலில் தூக்குக் கைதிகள், எப்படியும் சாகப் போகிறவர்கள். அப்புறம் ஆயுள் கைதிகள். அப்புறம் கேட்பாரில்லாத பிச்சைக்காரர்கள். எந்தப் படியில் அவள் தவறினாள் என்று உன் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் சண்டை போட்டால் நீ பிழைத்தாய்.

உன் கூட்டத்தில் ஒருத்தி கிளெரிக், அதாவது குணப்படுத்தும் பூசாரிப் பாத்திரம், என்று எழுதியிருந்தாய். அவளைக் குழந்தையாக இருக்கும்போது காப்பாற்றியவள் மோரன்னா என்று வை. யாருடைய ஆயுள் அவளுக்குள் ஓடுகிறது என்று இப்போதே முடிவு செய், ஆனால் நான்காவது செஷன்வரை வாய் திறக்காதே. அந்த ஆட்டக்காரியிடம் மட்டும் முன்கூட்டித் தனியாக அனுமதி கேள். அவள் உருவாக்கிய பாத்திரத்தின் கடந்தகாலத்தில் அவளைக் கேட்காமல் கை வைத்தால் அந்தக் கோபம் வில்லன் மேல் போகாது, உன் மேல் வரும். ஆஸ்பத்திரி, சாவு, குழந்தைகள் என்று கதை போவதால், ஆரம்பிக்கும் முன் எல்லோரிடமும் எது வேண்டாம் என்று கேட்டுவிடு. சமீபத்தில் வீட்டில் யாரையாவது இழந்தவர் இருந்தால் பாதிக் கதையை மாற்ற வேண்டியிருக்கும். தயங்காமல் மாற்று.

இனி நீ உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. நாளைக் காலை இந்த நாலு பேரும் கப்பலேறிப் போய்விட்டால் அடுத்த மாதம் மோரன்னா என்ன செய்வாள்? அதற்குப் பதில் இல்லாவிட்டால் உன்னிடம் வில்லனே இல்லை. ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு ஆறு துண்டாகப் பிரி. ஒவ்வொரு துண்டிலும் அவள் செய்வதை எழுது, பக்கத்திலேயே ஊரில் கண்ணுக்குத் தெரிகிற அடையாளத்தையும் எழுது. முதல் துண்டு: சிறைச்சாலை காலி, காவலர்கள் வேலையில்லாமல் சீட்டாடுகிறார்கள். இரண்டாவது: நாலு மாதமாக யாரும் சாகவில்லை, வெட்டியான் கடன் கேட்டு அலைகிறான். மூன்றாவது: பணக்காரக் கிழவர் ஒருவருக்கு நரைத்த தலை கறுத்து வருகிறது. நான்காவது: மலையடிக் கிராமத்தில் இருபது வயசுப் பையன்கள் தலை வெளுத்து, கம்பு ஊன்றி நடக்கிறார்கள். ஐந்தாவது: வரி கட்ட முடியாதவர் ஒரு வருஷ ஆயுளைக் கொடுக்கலாம் என்று சட்டம் வருகிறது, மக்கள் சந்தோஷமாக வரிசையில் நிற்கிறார்கள். ஆறாவது: அவளே சாகாதவளாக, லிச்சாக மாறும் சடங்கு.

ஒவ்வொரு செஷன் முடிவிலும் ஒரு துண்டை நிரப்பு. அவர்கள் எதையாவது தடுத்திருந்தால் அன்றைக்கு நிரப்பாதே. தெரியாமல் அவளுக்கு உதவியிருந்தால் இரண்டு நிரப்பு. வட்டத்தை மேஜை மேல் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைக்கலாம். எதற்கு என்று மட்டும் சொல்லாதே.

அந்த வெட்டியானைக் கொஞ்சம் கவனி, சாதாரணமாக விட்டுவிடாதே. சாராயக் கடை வாசலில் இவர்கள் கையைப் பிடித்து, "ஊரில் ஒரு சாவு விழமாட்டேன் என்கிறது சாமி, நாலு காசு இருந்தால் கொடுங்கள்" என்கிறான். சிரிப்பார்கள். காசும் கொடுப்பார்கள். இரண்டு செஷன் கழித்து அந்த வெள்ளைத்தலைப் பையன்களைப் பார்க்கும்போது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும். தெருக்கூத்தில் துரியோதனன் சட்டென்று சபைக்கு வந்துவிடுவதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னாலிருந்து பாட்டும் சலங்கையும்தான் முதலில் கேட்கும். உனக்கு வெட்டியான் அந்தத் திரை.

ஒரு உண்மை வெளியே வர வேண்டும் என்றால் மூன்று இடத்தில் தடயம் வை. ஒன்றைப் பார்க்க மாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவதில் மாட்டும். ஒரே தடயத்தை மட்டும் வைத்து, அதையும் பகடை 15-க்கு மேல் விழுந்தால்தான் கிடைக்கும் என்று பூட்டிவைத்தால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

கடைசிச் சண்டைக்கு முன்னால் குறைந்தது மூன்று தடவையாவது அவளை நேரில் பார்க்க வேண்டும், அதில் இரண்டு தடவை கத்தியை உருவ முடியாத இடமாக இருக்கட்டும். 1983-ல் இதே ஆட்டத்துக்கான ரேவன்லாஃப்ட் சாகசத்தில் வந்த வில்லன் பிரபு ஸ்ட்ராட் இன்றுவரை பேசப்படுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 2016-ல் வந்த புதிய பதிப்பில் அவன் கோட்டைக்கு விருந்துக்கே அழைக்கிறான். கடைசி அறையில் காத்துக் கிடக்காமல் தேவைப்பட்டால் அவனே தேடி வருகிறான். மோரன்னா முதலில் இவர்கள் காயத்துக்குக் கட்டுப் போடட்டும், இலவசமாக. இரண்டாம் முறை ஒரு கல்யாண வீட்டில், ஊரே அவள் காலில் விழும்போது.

குரல் மாற்றிப் பேச வராது என்று கவலைப்படாதே. ஒரே ஒரு பழக்கம் போதும். பேசும்போது எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பாள். கேட்டுவிட்டு உன் கையை நிஜமாகவே ஆட்டக்காரர் மணிக்கட்டில் வை, மூன்று நொடி பேசாதே. முதல் தடவை "நல்ல நாடி" என்பாள். இரண்டாம் தடவை, "41 வருஷம் இருக்கிறது உனக்கு. வீணாக்காதே." நீளமாக வசனம் எழுதி வைக்காதே. மூன்று வாக்கியம் தாண்டினால் எவனாவது "நான் அம்பு விடுகிறேன்" என்று குறுக்கே பாய்வான்.

இவர்கள் திட்டம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கும் கணக்கு வேண்டும். அவளுக்குத் தகவல் வரும் வழி மூன்றை எழுதி வை: சலவைக்காரி, சிறைக் காவலன், ஆயுள் வாங்கிய வியாபாரி. இந்த மூன்று வழியாக வராத எதுவும் அவளுக்குத் தெரியாது. மேஜையில் பேசியதை நீ கேட்டாய் என்பதற்காக அவள் அதற்குத் தயாராக வந்து நின்றால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்போது சண்டை. 2014 விதிப் புத்தகத்தில் இருக்கிற 'மேஜ்' என்கிற மந்திரவாதியையே அப்படியே போடப் போவதாக எழுதியிருக்கிறாய். கணக்குப் பார். மேஜுக்கு ஹிட் பாயின்ட், அதாவது விழும்வரை தாங்குகிற அடி, 40. உன் கூட்டம் 5-ம் லெவல். ஃபைட்டர் பெரிய வாளால் இரண்டு வெட்டு, ஒன்றுக்கு 2டி6+4 (ஆறுமுகப் பகடை இரண்டு, கூட 4), சராசரி 11, ஆக 22. ரோக் ஒளிந்திருந்து சிறிய வில்லால் விடுகிற அம்பு 1டி6+4, கூடவே ஸ்னீக் அட்டாக் 3டி6, சராசரி 18. இரண்டையும் கூட்டினால் 40. இனிஷியேட்டிவில், அதாவது யார் முதலில் ஆடுவது என்கிற பகடையில், அவர்கள் முந்தி, அடி எல்லாம் பட்டுவிட்டால், ஆறு வாரம் வளர்த்த வில்லன் வாய் திறக்கும் முன் சரிந்துவிடுவாள். அந்த அடியில் அவள் பிழைத்தாலும் ஆளை அசையவிடாமல் நிறுத்துகிற ஹோல்ட் பர்சன் என்கிற இரண்டாம் நிலை மந்திரம் போதும், பக்கத்தில் நின்று அடிக்கிற ஒவ்வொரு அடியும் கிரிட்டிகல், பகடை இரட்டிப்பு.

நாலு பேருக்கு நாலு முறை, அவளுக்கு ஒரே முறை. பிரச்சினை அங்கேதான். அதற்காக 400 ஹிட் பாயின்ட் கொடுத்தால் மரத்தை வெட்டுவது மாதிரி ஆகிவிடும். கடந்த இரண்டு சண்டையில் இவர்கள் ஒரு சுற்றுக்கு உண்மையில் எவ்வளவு அடித்தார்கள் என்று குறித்து, அதை 4-ஆல் பெருக்கு. 35 என்றால் 140. ஒரு சுற்றுக்கு மூன்று கூடுதல் செயல், அதாவது லெஜண்டரி ஆக்‌ஷன் கொடு, அடுத்தவர் முறை முடிகிற இடத்தில் ஒவ்வொன்றாகச் செலவழிக்கட்டும். மந்திரத்தில் சிக்கினாலும் தப்பியதாக மாற்றிக்கொள்கிற லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் இரண்டு போதும். அதைப் பயன்படுத்தும்போது "பாஸ்" என்று சொல்லிவிட்டுப் போகாதே. கூண்டில் படுத்திருக்கிற ஒருவன் கண்ணெதிரே பத்து வயசு மூப்படைகிறான் என்று சொல். அவள் தப்பியதற்கு விலை யார் என்று தெரியும்போது, அடுத்த மந்திரத்தைப் போடலாமா என்று கை தயங்கும்.

தப்பிக்கும் வழியை விதிக்குள்ளேயே வை. சட்டென்று இடம் மாறுகிற மிஸ்டி ஸ்டெப் மந்திரம் 30 அடிதான், அதுவும் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குத்தான். உன் கூட்டத்து மந்திரவாதியான விசார்டிடம் எதிராளி மந்திரத்தை அறுக்கிற கவுண்டர்ஸ்பெல் இருக்கிறது, 2014 விதிப்படி 60 அடிக்குள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தால் பகடை போடாமலேயே அது அறுந்துவிடும். அதனால் மந்திரத்தை நம்பாதே. பின்வாசல் படகு, வெளியே அவளுக்காக உயிரையும் கொடுக்கத் தயாராக நிற்கும் ஊர்க்கூட்டம், இவைதான் நிற்கும். அதையும் மீறி இரண்டாம் சந்திப்பிலேயே கொன்றுவிட்டார்களா? சாகட்டும். ஹிட் பாயின்டை மேஜைக்கடியில் ஏற்றாதே. ஒரு தடவை பிடிபட்டால் அதன்பிறகு உன் எந்தப் பகடையையும் நம்ப மாட்டார்கள். அவளிடம் வேலை கற்ற பையன் ஒருவனை இப்போதே தயாராக வைத்துக்கொள். அவளை விட இரக்கம் குறைந்தவன், வட்டத்தை அவன் தொடரட்டும்.

ஆறாவது துண்டு நிரம்பிவிட்டால் பயப்படாதே. அதே 2014 விதிகளில் லிச்சுக்கு ஹிட் பாயின்ட் 135, ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் காக்கிற எண்) 17, சேலஞ்ச் (எதிரியின் பலம்) 21. இவர்களால் மோத முடியாது, மோதக் கூடாது என்பதை முதல் நிமிஷத்திலேயே காட்டிவிடு. உடம்பை அழித்தாலும் உயிர் ஒளிந்திருக்கிற ஃபைலாக்டரி என்கிற பேழை முழுசாக இருந்தால் 1டி10 நாளில் திரும்ப வந்துவிடுவாள். அங்கிருந்து ஆட்டம் ஓடி ஒளிவதும் அந்தப் பேழையைத் தேடுவதுமாக மாறும். பேழை எங்கே என்று இப்போதே முடிவு செய். என்னைக் கேட்டால், அந்த வெட்டியான் காசு வாங்கிக்கொண்டு அடையாளமில்லாமல் மூடிய ஒரு குழியில்.

வெள்ளிக்கிழமைக்குள் அந்த வட்டத்தை மட்டும் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பு. ஜாகோரத்தின் 3,000 வருஷத்தைத் தொடாதே, அது எதற்காவது ஆகும். அம்மா கேட்கச் சொன்னாள்: சனிக்கிழமை எத்தனை பேர் வருகிறார்கள், முறுக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?

அன்புடன்,
அப்பா